ஹைஃபாவில் மைசூர்க் குதிரைவீரர்கள்



மைசூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏரிக்கரையிலோ கோயில் வாசலிலோ வீரகல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்முடைய நடுகல்தான். கீழடுக்கில் சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் தூக்கிச் செல்லும் காட்சி, உச்சியில் சிவலிங்கம். ஆள் எப்படிச் செத்தான் என்பதைக் கல்லே சொல்லிவிடும். பெயர்தான் பல கற்களில் இருக்காது.

இதே மைசூர் சமஸ்தானத்திலிருந்து முதல் உலகப்போருக்காக 1914-ல் கப்பலேறியது மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படை. மகாராஜாவின் படை என்றதும் தசரா ஊர்வலத்தோடு அதன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் சூயஸ் கால்வாய்க் காவல், பிறகு பாலஸ்தீனம். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைத் தாக்கியபோது, கார்மேல் மலைமேல் இருந்த பீரங்கிகளை அடக்க மைசூர்க்காரர்கள் மலையேறினார்கள்; ஜோத்பூர்ப் படை ஊருக்குள் பாய்ந்தது. எதிரிகள் சுமார் 1,350 பேர் பிடிபட்டார்கள். டில்லி தீன்மூர்த்தி சந்திப்பிலுள்ள மூன்று வெண்கல வீரர்களில் ஒருவர் மைசூரைக் குறிப்பவர்.

போரில் இறந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1917-ல் தொடங்கிய, பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறை ஆணையம், பிரபு வீட்டுப் பிள்ளையானாலும் உடலைத் தாய்நாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று கறாராக இருந்தது. கல்லும் எல்லோருக்கும் ஒரே அளவு: 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். அதிகாரிக்கும் அதுதான், சிப்பாய்க்கும் அதுதான். படைச்சின்னம், எண், பதவி, பெயர், இறந்த தேதி. சண்டைக் காட்சி எதுவும் கிடையாது. கல்லின் அடியில் குட்டைச் செடிகளை நடுவார்கள். மழை பெய்தால் சேறு தெறித்து எழுத்தில் அப்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. எழுத்து மங்கினால் மறுபடி செதுக்குவார்கள், அதற்கும் தாங்காவிட்டால் கல்லையே மாற்றிவிடுவார்கள்.

இது புதைக்கப்பட்டவர்களுக்குச் சரி. எரியூட்டப்பட்ட இந்து வீரனுக்குக் கல்லை எங்கே நடுவது? பெயரை மட்டும் நினைவகத்தில் பொறித்தார்கள். எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் மாண்ட இந்தியர்கள் ஏறக்குறைய 4,000 பேருக்காக, சூயஸ் கால்வாயின் தென்முனையில் போர்ட் தௌஃபீக் என்ற இடத்தில் 1926-ல் அப்படியொரு நினைவகம் எழுந்தது. புலிச் சிற்பங்களும் வைத்தார்கள். பின்னாளில் எகிப்து–இஸ்ரேல் சண்டையில் அது சிதைந்து, இடிக்கவும்பட்டது. 1980-ல் அந்தப் பெயர்களைக் கெய்ரோவின் ஹீலியோபோலிஸ் போர்க்கல்லறையில் மீண்டும் பொறித்தார்கள். போர் நினைவகத்தையே இன்னொரு போர் தின்றுவிட்டது, பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே மரியாதை என்ற பேச்சையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2021-ல் ஆணையமே ஒப்புக்கொண்டது: முதல் உலகப்போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவே இல்லை. இவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். மன்னிப்பும் கேட்டார்கள், நூறு வருஷம் கழித்து.

விடுபட்ட பெயர்களைத் தேடும் வேலை இன்னும் நடக்கிறது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கொள்ளுத்தாத்தா காலத்துப் பதக்கம் கிடந்தால், முகப்பிலிருக்கும் ராஜா தலையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்துப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் பொடி எழுத்தில் குத்தியிருப்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு, ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம்.