கணக்குக் காட்டாத தலைமை

2019 ஜூலையில் உர்சுலா வான் டெர் லேயன் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அவருக்குத் தேவைப்பட்ட வாக்கு 374; கிடைத்தது 383. அந்த ஆண்டுத் தேர்தலில் ஐரோப்பிய மக்கள் கட்சி ஆணையத் தலைவர் வேட்பாளராக முன்னிறுத்தியது மான்ஃபிரெட் வெபரை. உறுப்பு நாடுகளின் தலைவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு, ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த வான் டெர் லேயனைக் கொண்டுவந்தார்கள்.

மக்களிடம் நேராக வாக்குக் கேட்காமல் பதவிக்கு வருபவரை எதைக் கொண்டு எடை போடுவது? அவர் வைத்துவிட்டுப் போகும் ஆவணங்களைக் கொண்டுதானே!

செயல்திறன் அவருக்கு உண்டு, மறுக்க வேண்டாம். கொரோனா முடக்கிப்போட்ட நாடுகளுக்காக 75,000 கோடி யூரோ மீட்பு நிதி அவர் காலத்தில் உருவானது. அதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயரிலேயே கடன் திரட்டப்பட்டது. அந்த அளவில் அதற்கு முன் யாரும் செய்யத் துணியாத காரியம் அது.

தடுப்பூசிக் கணக்குக்கு வருவோம். சுமார் 45 கோடிப் பேர் வாழும் ஒன்றியத்துக்காக, 180 கோடி டோஸ் வரை வாங்க 2021 மே மாதம் ஃபைசர்–பயோன்டெக்குடன் ஒப்பந்தம் போடப்பட்டது. அந்தப் பேரத்தின்போது ஃபைசரின் தலைவர் ஆல்பர்ட் பூர்லாவும் வான் டெர் லேயனும் கைபேசியில் குறுஞ்செய்தி பரிமாறிக்கொண்டதை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. அந்தச் செய்திகளைக் காட்டுங்கள் என்று பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். எங்களிடம் இல்லை என்றது ஆணையம். ஏன் இல்லை? அழிக்கப்பட்டனவா? கைபேசி மாற்றப்பட்டதா? நம்பத்தகுந்த விளக்கம் தரப்படவில்லை என்று 2025 மே 14 அன்று ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது.

பொதுப்பணத்தில் நடந்த பேரம், நண்பர்களே! அதைப் பற்றிய உரையாடல் ஒருவருடைய சொந்தக் கைபேசிச் சமாச்சாரம் ஆகிவிடுமா?

1999 மார்ச்சில் ஜாக் சான்டர் தலைமையிலான ஆணையம், நிர்வாகச் சீர்கேடுகளைச் சொன்ன நிபுணர் அறிக்கை வந்ததும் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. இப்போது நடந்ததோ வேறு. 2024 ஜூலை 17 அன்று, தடுப்பூசி ஒப்பந்தங்களை ஆணையம் போதிய அளவு வெளியிடவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாளே நாடாளுமன்றம் 401 வாக்குகளுடன் வான் டெர் லேயனை மீண்டும் அமர்த்தியது! 2025 ஜூலையில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவு 175, எதிர்ப்பு 360. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள் வலதுசாரிகள் என்பதைக் காட்டி மற்றவர்களில் பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். கொண்டுவந்தவர் யாராக இருந்தால் என்ன, குறுஞ்செய்திகள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. 360 பேரும் தங்கள் தொகுதி மக்களுக்கு அதற்கான பதிலை வாங்கித் தரக் கடமைப்பட்டவர்கள்.