முகப்பில் யார் பெயர்?

(தமிழிளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால், ஓர் இனம் தன் பெருமக்களை எவ்வாறு நினைக்கிறது என்னும் பெரிய வினா அதற்குள் அடங்கியிருக்கிறது.

கூகுள் என்னும் தேடுபொறியை நாள்தோறும் திறக்கின்றீர்கள். சில நாள்களில் அதன் முகப்பில் வழக்கமான பெயர் இருக்கும் இடத்தில் ஓர் ஓவியம் விளங்கும். ஒருநாள் ஓர் அறிவியலாளர் முகம். ஒருநாள் ஒரு நாட்டின் விடுதலைக் கொடி. மற்றொருநாள் ஒரு பெருவிழா. அதனை ஆங்கிலத்தில் 'டூடுல்' என்கின்றனர். கருத்தூன்றாமல் கை போன போக்கில் வரையும் கிறுக்கல் என்பதே அச்சொல்லின் பொருள். நாம் அதனை முகப்போவியம் என்போம்.

அது தோன்றிய கதையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் இறுதியில், இலாரி பேச், செர்கே பிரின் என்னும் இளைஞர் இருவர் நெவாடாப் பாலைவெளியில் நடைபெறும் 'எரியும் மாந்தன்' விழாவுக்குப் புறப்பட்டனர். தாங்கள் ஊரில் இல்லை என்பதை அறிவிக்கத் தம் தளத்தின் பெயரில், இரண்டாம் 'ஓ' எழுத்துக்குப் பின்னால் ஒரு குச்சி மாந்தனை நிறுத்திவிட்டுச் சென்றனர். கடைக்காரர் வெளியூர் சென்றுள்ளார் என்று கதவில் தொங்கும் பலகைக்கு ஒப்பானது அது. அவர்தம் நிறுவனம் முறையாகப் பதிவு பெற்றதே அடுத்த திங்களில்தான்!

2000-ஆம் ஆண்டு சூலை 14, பிரெஞ்சு மக்களின் பாசுட்டீல் நாள். அங்குப் பயிற்சிக்கு வந்திருந்த தென்னிசு உவாங்கு என்னும் இளைஞர் அந்நாளுக்கென வரைந்த படத்தை மக்கள் விரும்பினர். நாளடைவில் இப்பணிக்கெனவே ஓர் ஓவியர் குழு அமைந்தது. 2010-இல் நியூட்டன் பிறந்தநாளன்று ஆப்பிள் விழும் அசைபடம் வந்தது. அவ்வாண்டு மே திங்களில், 'பாக்மேன்' விளையாட்டின் 30-ஆம் ஆண்டு நினைவாக, முகப்பிலேயே விளையாடத்தக்க படமும் வந்தது. இன்றுவரை வந்தவை 5000-க்கும் மேற்பட்டவை.

நம்மவரும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளனர். 2012 திசம்பர் 22-இல் கணக்கறிஞர் இராமானுசன். 2019 சூலை 30-இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 2021 அக்தோபர் 1-இல் நடிகர் சிவாசி கணேசன். புதுக்கோட்டையில் பிறந்து, 1927-இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் இழிவை எதிர்த்துப் போராடி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட அப்பெருமாட்டியை, அன்று காலை வடபுலத்து இளைஞன் ஒருவன் 'இவர் யார்?' என்று தேடியிருப்பான். அந்நன்மையை நான் மறுக்கவில்லை. செய்நன்றி மறப்பது தமிழர் பண்பன்று.

ஆயினும், தோழர்களே, அம்முகப்போவியங்களை மீண்டும் ஒருமுறை உற்றுநோக்குங்கள். ஆங்கே எழுத்தாய் நிற்பது எது? கூகுள் என்னும் பெயரின் ஆறு ஆங்கில எழுத்துகள்! அவற்றின் வளைவிலும் இடுக்கிலும் பெருமக்கள் அமர்ந்திருக்கின்றனர். யாருடைய பிறந்தநாளாயினும் பெயர் அந்நிறுவனத்தின் பெயரே. அணி மாறுகிறது, அணியப்பெறும் உடல் மாறுவதில்லை. வணிகன் தன் கடைப் பலகையை அழகுபடுத்துகிறான். அஃது அவன் உரிமை. அவன்மேல் சினங்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால், அப்பலகையையே நம் நினைவுக்கல் என்று நாம் மயங்கலாமா?

நினைவுக்கல் எப்படி இருக்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர் நம் முன்னோர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்திப் பாடுவது வரை, நடுகல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் நடுகற்கள் கண்டறியப்பட்டன. ஈராயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட அந்தவன் என்னும் மறவனைத் தமிழி எழுத்தில் குறிக்கிறது. கல்லின்மேல் இருப்பது வீழ்ந்தவன் பெயர். கல்லைக் கொத்தியவன் பெயர் அதில் இல்லை. ஆநிரை காக்கவோ கவரவோ சென்று மாண்ட ஓர் எளியவனுக்கு அத்துணை மதிப்பளித்த இனம் இது!

இன்று நம்மவருள் சிலர் என்ன செய்கின்றனர்? 'எங்கள் அறிஞருக்கும் ஒரு படம் போடுங்கள்' என்று அந்நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதுகின்றனர். அது போட்டால் பூரிக்கின்றனர்; போடாவிட்டால் புலம்புகின்றனர். 1964 சனவரி 25-இல் திருச்சிராப்பள்ளியில் தமிழுக்காகத் தீக்குளித்த கீழப்பழுவூர்ச் சின்னச்சாமியை, கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு வணிக நிறுவனமா நமக்கு நினைவூட்ட வேண்டும்? சிறைப்பட்டு 1939-இல் உயிரீந்த நடராசனையும் தாளமுத்துவையும் நினைக்க யாருடைய இசைவு வேண்டும்? யார் பெரியவர் என்று தேர்ந்து சொல்லும் உரிமையை அயலான் கையில் கொடுத்துவிட்ட இனம், தன் வரலாற்றின் திறவுகோலையே கொடுத்துவிட்டது என்பேன்.

'நம்மால் முடியுமா?' என்று கேட்காதீர்கள். கூகுள் பிறந்த அதே 1998-ஆம் ஆண்டில்தான், பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தொடங்கிற்று. ஊதியம் பெறாத தமிழர்கள், பல நாடுகளில் இருந்தபடியே, நம் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். அப்பணியை முடித்த கைகளுக்கு ஒரு முகப்போவியம் எம்மாத்திரம்?

எனவே, தளம் நடத்தும் இளைஞர்க்கு மூன்று கடமைகளைக் கூறுவேன்.

ஒன்று: பிப்பிரவரி 7 பாவாணர் பிறந்தநாள், ஏப்பிரல் 29 பாவேந்தர் பிறந்தநாள், சூலை 15 மறைமலையடிகள் பிறந்தநாள். அந்நாள்களில் உங்கள் தளத்தின் முகப்பில் அவர்தம் பெயர் தமிழ் எழுத்தில் பெரிதாக நிற்கட்டும். உங்கள் தளத்தின் பெயர் அதன் காலடியில் சிறிதாக இருக்கட்டும்.

இரண்டு: அப்படத்தைத் தொட்டவுடன் அவர்தம் நூல் திறக்கட்டும். 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநர் பாவாணர். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. அவற்றை இணையத்தில் ஏற்றத் தடையேது? முகத்தைக் காட்டி உழைப்பை மறைப்பது நினைவாகாது.

மூன்று: மறுநாள் காலையில் அதனைக் கழற்றி எறியாதீர்கள். ஆண்டுதோறும் தொகுத்து ஓரிடத்தில் நிலைபெறச் செய்யுங்கள். நட்ட கல் நிற்க வேண்டும்.

நம் எழுத்தில், நம் முகப்பில், நம்மவர் பெயர்! அந்நிலையை நம் கையாலேயே ஆக்குவோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் முயற்சி!