பழைய விசைப்படகும் பழகிய கையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருச்சானூர்ப் பத்ம சரோவரத்தில் ஆண்டுதோறும் தாயாரின் தெப்பத் திருவிழாவைக் கண்டு மகிழ்கிறோம். அத்தெப்பம் நன்னீரில் சின்னாள் மிதப்பது. நாளெல்லாம் உப்புநீரில் உழைக்கும் படகின் பாடோ வேறு. 2022-இல் அமைந்த நம் திருப்பதி மாவட்டத்தின் கீழெல்லை பழவேற்காட்டு ஏரியைத் தொடுகிறது. ஆந்திரத்திற்கும் தமிழகத்திற்கும் பொதுவான அந்நீர்ப்பரப்புக்குத் தெற்கே, சோழமண்டலக் கரையெங்கும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் அருகி, ஃபைபர் படகுகள் பெருகின. நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும் சிறு டீசல் எஞ்சின்களே அவற்றுள் பலவற்றை ஓட்டுகின்றன.

கட்டுமரம் தளர்ந்தால் மீனவன் கயிற்றை அவிழ்த்து மீண்டும் கட்டிக்கொள்வான். எஞ்சின் நின்றாலோ அன்றைய வருவாயும் போய், பழுதுபார்ப்பவர் கூலியும் சேர்ந்துவிடுகிறது. ஆதலால் சொந்தக் கையால் செய்யக் கூடியன எவையென அறிதல் வேண்டும்.

எஞ்சினைக் கழற்றுமுன் டீசலைப் பார்ப்போம். தொட்டியின் அடியில் தண்ணீரும் கசடும் தங்கும். அவற்றை வடித்துவிட வேண்டும். வடிகட்டியை மாற்றினால் குழாயில் காற்றுப் புகும். அதன் மேலுள்ள திருகைச் சற்றே தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை வெளியேற்றி, பின்பு இறுக்குக. இவ்வளவில் உயிர்பெறும் எஞ்சின்கள் பல. கரும்புகை கக்கினால் காற்று வடிகட்டியையும், விசிறியில் வலைநூல் சிக்கியுள்ளதா என்பதையும் நோக்குக. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது, அதனுடன் ஓட்டலாகாது. காற்றால் குளிரும் எஞ்சினின் சிறகுகளில் உப்பும் அழுக்கும் அடைந்தால் சூடு ஏறும். ஆறிய பின் நன்னீரால் துடைத்து எண்ணெய்த்துணி ஒற்றுவதற்கு அரை மணி போதும். காசில்லா மருத்துவம் இதுவே!

உடற்பகுதியில் விரிசலென்றால் பொறுமை வேண்டும். ஈரம் குடித்த இழையில் ரெசின் பற்றாது. அவசரக்காரன் ஒட்டிய ஒட்டு விரைவில் பெயர்ந்துவிடும். படகைக் கவிழ்த்து நன்கு உலர்த்தி, விரிசலைச் சுற்றி அகலமாகத் தேய்த்து, கண்ணாடி இழைப்பாயை அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து ஒட்டுக. ஹார்ட்னர் மிகுந்தால் ரெசின் கொதித்து வெடிப்புறும். கோபால்ட் கலந்த முடுக்கியை முதலில் ரெசினில் நன்கு கலந்த பின்னரே ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். அவ்விரண்டையும் நேரே கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். தேய்க்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் தொடலாகாது. பிள்ளைகளை அருகில் விடலாகாது.

பழைய படகு வாங்குவோர் வண்ணத்தைக் கண்டு மயங்குவர். அடிப்பலகைகளையும் எஞ்சின் அமரும் இடத்தையும் சுத்தியால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வந்தால் உள்ளிருக்கும் மரம் இற்றிருக்கலாம். விலையைக் குறைத்துக் கேட்கவும் அவ்வொலி உதவும்.

சிக்கனத்திற்கும் ஓர் எல்லையுண்டு. வெடித்த டீசல் குழாயைத் துணி சுற்றி ஓட்டுவது சிக்கனமன்று. உயிர்காப்புச் சட்டையைக் குறைப்பதும் அவ்வாறே. எஞ்சின் எத்துணை நன்றாயினும், படகில் ஒரு துடுப்பும் நங்கூரமும் இருத்தல் வேண்டும்.