முழுகாமல் இருப்பதை முதலில் அறிய வேண்டியவர் யார்?

(காரைக்குடியில் மாதர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை மேடையில் பேசத்தகாததென்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஒரு பெண் தான் கர்ப்பமா இல்லையா என்பதை எப்போது, எப்படி அறிவது என்பதே அவ்விஷயம். கோயிலில் பிள்ளை வரம் வேண்டுமென்று ஊர் கேட்க வேண்டிக்கொள்ளலாம். பிள்ளை உண்டானதை அறியும் வழியைப் பேசக்கூடாதென்றால், அந்த வெட்கத்தின் யோக்கியதைதான் என்ன?

நம் பக்கத்தில் கர்ப்பமானவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்கிறோம். விலக்காகித் தலைமுழுக வேண்டிய நாள் வந்தும் முழுகவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே முதல் அறிகுறி எதுவென்பது நம் பாட்டிமார்களுக்கு நன்றாய்த் தெரிந்திருந்தது. ஆனால் அதை வீட்டாருக்கு அறிவித்தது எது? தீட்டென்று சொல்லிப் பெண்ணை ஒதுக்கி வைத்த வழக்கமே. வளவும் கட்டும் எத்தனை இருந்தாலும் அந்த நாட்களில் அவளுக்கு ஒரு மூலைதான். இந்த மாதம் அவள் மூலைக்குப் போகவில்லை என்பது மாமியாருக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியும், வேலைக்காரிக்கும் தெரியும். அவளே தன் நாளைக் குறித்து வைத்தால் மட்டும் அடக்கமில்லாதவள்! உடம்பு அவளுடையது, கணக்கு ஊராருடையது. ஒருநாள் வட்டி பிசகாமல் பேரேடு எழுதிய செட்டிநாட்டிலே, பெண் தன் உடம்பின் கணக்கை எழுதக்கூடாதென்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க. நாள் தப்புவது முதல் அறிகுறியே தவிர, முடிந்த முடிவல்ல. கவலை, உடல் மெலிவு, தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி முதலிய காரணங்களாலும் நாள் தள்ளும். பால் கொடுக்கும் தாய் விலக்காகாமலேயே மறுபடி கர்ப்பமாகலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிறிது உதிரம் கசிவதும் உண்டு. அதை விலக்கென்று எண்ணி ஏமாந்தவர் பலர். மார்பு கனத்து வலித்தல், அயர்வு, அடிக்கடி சிறுநீர் போதல், குமட்டல் ஆகியவை சிலருக்கு வரும், சிலருக்கு வராது. "மசக்கை இல்லை, ஆகவே கர்ப்பமில்லை" என்பதும் தவறு. நாடி பிடித்தும் ஜாதகம் பார்த்தும் சொல்லுவது வெறும் ஊகம்.

அப்படியானால் நிச்சயமாய் அறிவது எப்படி? கரு கருப்பையில் பதிந்தபின் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் உண்டாகிச் சிறுநீரில் கலக்கிறது. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்னும் இரு மருத்துவர்கள் அச்சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஊசியாய் ஏற்றி, சில நாள் கழித்து அவற்றை அறுத்துப் பார்த்துக் கர்ப்பத்தைக் கண்டார்கள். இன்றோ மருந்துக்கடையில் வாங்கும் சிறு அட்டையே போதும்.

நாள் தப்பிய முதல்நாள் முதலே பரிசோதிக்கலாம். விலக்கு ஒழுங்கில்லாதவர்கள் கடைசியாய்ச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்க்க வேண்டும். காலையில் முதலில் போகும் சிறுநீரே நல்லது. அட்டையில் கண்டபடி சொட்டுவிட்டுச் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு கோடு தெரிந்தால், இரண்டாவது மங்கலாயிருந்தாலும், பெரும்பாலும் கர்ப்பமே. "சி" என்ற இடத்தில் மட்டும் கோடு விழுந்தால் இல்லை என்று பொருள். அங்கே கோடே விழாவிட்டால் அட்டை பழுது. இல்லையென்று காட்டியும் விலக்காகாவிட்டால் ஒருவாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நாள் தப்பியபின் அடிவயிற்றில் ஒருபக்கம் கடும் வலி, உதிரம், மயக்கம் கண்டால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. திருநீறு பூசிக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"பத்துமாதத்தில் தானே தெரியுமே, அவசரமென்ன?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழல், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவது நலம். தவறினால் அறிந்த அன்றே தொடங்க வேண்டும். 1886இல் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் சர்க்கார் தரும் மகப்பேறு உதவிக்கும், 12 வாரத்துக்குள் கிராமச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பிள்ளை வேண்டாமென்று தீர்மானிப்பவளுக்கோ நாட்கணக்கு இன்னும் முக்கியம். 1971இன் சட்டமும் 2021இன் திருத்தமும் 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்தின்பேரில் சட்டத்தில் கண்ட காரணங்களுக்காகக் கருவைக் கலைக்க இடந்தருகின்றன. வயது வந்த பெண்ணின் சம்மதமே போதும். புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2022இல் சுப்ரீம் கோர்ட்டு மணமாகாதவளுக்கும் மணமானவளுக்கும் இதில் பேதமில்லை என்று தீர்ப்பளித்தது. இந்த உரிமையெல்லாம் காலத்தில் அறிந்தவளுக்கே பயன்படும். பயந்து ஒளித்து நாளைக் கடத்தியவள் கள்ள மருந்துக்காரரிடம் சிக்கி உயிரை விடுகிறாள். ஊர் அதற்கு விதியென்று பெயர் வைக்கிறது.

ஆகவே தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் நாட்காட்டியில் உங்கள் நாளைக் குறியுங்கள், பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஆண் தோழர்களே, அந்த அட்டையைக் கடையில் கேட்டு வாங்க நீங்களும் கூச்சப்பட வேண்டாம். அட்டையில் விழுந்த கோட்டை முதலில் பார்க்க வேண்டியவள் அவளே. யாரிடம், எப்போது சொல்லுவதென்பதும் அவள் இஷ்டமே. தன் உடம்பின் சங்கதியைத் தான் கடைசியாய் அறியும் நிலை ஒழியாதவரை, பெண் விடுதலை என்று நாம் பேசுவதெல்லாம் வெறும் பேச்சே என்று கூறி முடித்துக்கொள்ளுகிறோம்.