மரக்கறி நமக்கு, மரம் யாருக்கு?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலை கைவிட்டுப்போன மேல்மலையில் டர்பன்டைன் கன்று நடப்போகிறார்கள். நிரைக்கு நடுவே நாம் மரக்கறி போட்டுக்கொள்ளலாம் என்று நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறது. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட இடமில்லாத நமக்கு இது பெரிய விசயம்தான். பெயர் கொடுக்க எல்லோரும் ஓடுகிறோம். ஓடுமுன் கொஞ்சம் பேசுவோம்.

இது புதுப் பழக்கமில்லை. பர்மாவில் இதற்குத் ‘தவுங்யா’ என்று பெயர்; மலைநிலம் என்று அர்த்தம். 1856இல் பிராண்டிஸ் என்ற ஜெர்மன்காரர் வெள்ளைக்கார அரசாங்கத்தின் வன அதிகாரியாக அங்கே போனார். மலையை வெட்டி எரித்து நெல் விதைத்துப் பிழைத்த கரேன் மக்களை, நெல்லோடு தேக்கையும் நடவைத்தார். நெல் அவர்களுக்கு, தேக்கு அரசாங்கத்துக்கு. சில வருசத்தில் நிழல் மூடியதும் அவர்கள் வேறு துண்டுக்குப் போக வேண்டியதுதான். நம் நாட்டிலும் வறண்ட பகுதியில் சேனைக்காரர்களை வைத்து இப்படியே தேக்கு வளர்த்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கரேன் மக்களுக்குக்கூட, பிழைத்து நின்ற தேக்கங்கன்றுக்கு எண்ணிக் காசு கொடுத்தார்கள். நமக்கு அந்தப் பேச்சே இல்லை.

முதல் வருசம் போஞ்சி, கரட், லீக்ஸ் எல்லாம் வரும். நம் பாத்திக்குப் புல் வெட்டினால் கன்றுக்கும் புல் வெட்டியாச்சு. நாம் போடும் மாட்டெருவில் பாதியைக் கன்று தின்னும். மாடு மேயாமல் காவலும் நாமே. பேர் போட்டு ஆள் விட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. மூன்றாம் வருசம் டர்பன்டைன் தலைக்கு மேலே போய்விடும். வேர் தண்ணீரை இழுக்கும். போஞ்சி கொடி ஏறும், காய் பிடிக்காது. அப்போது நம்மைப் போகச் சொல்லவே தேவையில்லை, நாமாகவே போய்விடுவோம்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் வெறும் ரொட்டியோடு பள்ளிக்கூடம் வருவதைத் தினமும் பார்க்கிறோம். வீட்டில் ஒரு கறி கூடினால் நல்லது. ஆனால் எழுத்தில் வேண்டும். யாருக்கு எந்த நிரை, எத்தனை வருசம், கன்று பராமரிப்புக்கு என்ன கூலி, மரம் வெட்டும்போது நமக்கு என்ன பங்கு, இவ்வளவும் தாளில் வரவேண்டும். பெண்கள் பெயரிலும் துண்டு எழுத வேண்டும்; மண்வெட்டி பிடிக்கப்போவது அவர்கள்தானே.

டர்பன்டைனுக்குப் பதில், தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கிற சவுக்கைக் கேட்போம். அதன் வேர் ஆழமாகப் போகும், கிளையைக் கழித்தால் வெளிச்சமும் வரும், விறகும் வரும். நிரையும் அகலமாக இருக்கட்டும்.

இன்னொன்று, நம் பக்கத்துத் தவறு. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போடாதீர்கள், குறுக்கே போடுங்கள். கானை மூடாதீர்கள். செங்குத்தான இடத்தில் உருளைக்கிழங்கு வேண்டாம். கிண்டிய மண் ஒரு மழையில் கீழ் லயத்து வாசலுக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டியோடு நாம் எல்லோரும் மேல்மலைக்குப் போய்க் கயிறு பிடித்து அளப்போம். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். யாராவது கொண்டுவந்தால் தலைவரிடம் காட்டுங்கள்.