ஆட்டு மயிருக்குச் சாயமேற்றும் முறை



காரைக்குடிப் பக்கத்தாருக்குச் சாயத் தொழில் புதிதன்று. கண்டாங்கிச் சேலைக்குரிய பருத்தி நூலுக்கும், கொட்டான் பின்னும் பனையோலைக்கும் நிறமூட்டிப் பழகிய கைகள் இங்கு உண்டு. ஆயினும் பருத்திக்குச் செய்வதையே ஆட்டு மயிருக்கும் செய்தால் சரக்கு பாழாகும். பருத்தி தாவரப் பொருள், காரத்தைத் தாங்கும். மயிர் பிராணிப் பொருள். காரம் அதனை அரித்துவிடும், புளிப்பே அதற்கு இணங்கும். இந்த ஒரு பேதத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிது.

இம்மயிரின் உபயோகம் யாது? தூண்டில் முள்ளின்மேல் மயிரையும் நூலையும் சுற்றி, பூச்சியைப் போலவோ சிறு மீனைப் போலவோ தோன்றச் செய்வர். இப்போலி இரைக்குத் தூண்டில் ஈ என்று பெயர். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார், நம் நாட்டுத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை 1873-ல் வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் விடப்பட்ட ட்ரௌட் மீனை இவ்வகை ஈயைக் கொண்டு பிடித்துவந்தனர்.

முதலில் மயிரைத் தெரிந்தெடுத்தல். வெள்ளை மயிரில்தான் நிறம் தெளிவாக விளங்கும்; கறுப்பு மயிரில் சாயம் தோன்றாது. இராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும், வெள்ளாட்டின் வால் மயிரும் தாடியும் ஏற்றவை. நோயால் மாண்ட ஆட்டின் மயிரைத் தொடவே கூடாது. அடைப்பான் நோய் மயிர் வழியாக மனிதருக்கும் பரவும். காட்டு மான் மயிரைச் சேர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மயிலிறகை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதும் தடுக்கப்பட்டுள்ளது.

அடுத்தது கழுவுதல். எண்ணெய்ப் பசை இருக்குமிடத்தில் சாயம் பற்றாது. வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டைச் சாறு விட்டு, கசக்காமல் அலசவேண்டும். உவர்மண், சலவைச் சோடா இரண்டும் ஆகா. மயிரின்மேல் நீர்த்துளி உருண்டு ஓடினால் பசை போகவில்லை. பரவி நனைந்தால் சுத்தமாயிற்று என்று அறியலாம்.

பிறகு சாயம். காஸ்டிக் சோடாவில் கரைக்கும் பருத்திச் சாயங்களை விலக்கி, பட்டுக்கும் கம்பளிக்கும் விற்கும் ஆசிட் சாயத்தை வாங்கவேண்டும். 100 கிராம் மயிருக்கு 2 கிராம் சாயம் போதும். சாயத்தைச் சுடுநீரில் கரைத்து வடிகட்டி, நனைத்த மயிரை அதில் இட்டு, மெல்லச் சூடேற்றவேண்டும். நிறம் எங்கும் பரவிய பின்னரே வினிகரைச் சிறிது சிறிதாக விடவேண்டும்; முதலிலேயே விட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். வெட்டிக் கட்டிய மயிருக்கு 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடு கொடுக்கலாம், கொதிக்கவிடலாகாது. தோலோடு கூடிய மயிருக்கு 50 டிகிரியே எல்லை. மிஞ்சினால் தோல் சுருங்கிவிடும். அரை மணி நேரம் சென்றபின் இறக்கி, ஆறவிட்டு, நீர் தெளியும்வரை அலசி நிழலில் உலர்த்தவேண்டும். ஈரத்தில் நிறம் ஆழ்ந்து தோன்றுமாதலால், உலர்ந்த பின்னரே மதிப்பிடுதல் நலம்.

மஞ்சள் கிழங்கின் சாயம் செலவில்லாதது. ஆனால் வெயிலில் வெளுக்கும். அரக்குச் சிவப்பு, படிகார நீரில் ஊறிய மயிரில் நன்கு நிலைக்கும். உலர்ந்த மயிரை மூடிய டப்பாவில் வைத்துப் பூச்சி விழாமல் அடிக்கடி பார்த்துவருதல் வேண்டும்.

வீட்டுக்கு ஒருவர் தனித்தனியே காய்ச்சினால் வீட்டுக்கு ஒரு நிறமாகும்; வாங்குவோர் அத்தகைய சரக்கை நம்பார். ஆகவே மயிரைச் சேர்ப்பது வீடுதோறும் நடக்கட்டும். சாயம் காய்ச்சுவது சங்கத்தின் பொதுப் பாத்திரத்தில் நடக்கட்டும். ஒவ்வொரு தடவையும் எடை, சூடு, நேரம் ஆகியவற்றைக் கணக்குப் புஸ்தகத்தில் குறித்துவைத்தால், இன்று வந்த நிறம் அடுத்த மாதமும் தவறாமல் வரும்.