பாறையைத் தட்டிப் பார்ப்போம்

மண்பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்க்கிறோம். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் விரிசல் கண்ட பானை. பாறையையும் இவ்வாறே சோதிக்கிறார்கள். விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் காதுக்கு எட்டாது. அந்தக் கேளா ஒலியைக் கல்லின் ஒருபுறம் செலுத்தி, மறுபுறம் வந்து சேரும் நேரத்தை அளக்கிறார்கள். உறுதியான கருங்கல்லில் அது விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் செல்லும். உள்ளே விரிசல் இருந்தால் வேகம் குறையும். கல்லை அழுத்திக்கொண்டே போனால், உடைவதற்கு முன்பே உள்விரிசல்கள் பெருகி வேகம் இறங்கும். அதுவே எச்சரிக்கை.

நம் நாட்டில் 2003 நவம்பர் 26ஆம் நாள் புக்கிட் லஞ்சானில் பாறை சரிந்து நெடுஞ்சாலையை மூடியது. ஆகவே, வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாதிருப்போம். குன்றோரம் புதிய வெடிப்பைக் கண்டால், பிள்ளைகளுடன் விலகிச் சென்று நிர்வாகத்திடம் சொல்வோம்.